கலியம் ஆர்சனைடு வேஃபரைப் பாதுகாப்பாகக் கையாளுதல்: வன்னியின் சிறிய ஆய்வுகூடங்களுக்கு ஒரு வழிகாட்டி

கலியம் ஆர்சனைடு, கருஞ்சாம்பல் நிறமும் உலோகப் பளபளப்பும் கொண்ட ஒரு குறைகடத்திச் சேர்வை. சிலிக்கனைவிட விரைவாக இலத்திரன்கள் அதில் நகர்வதாலும், மின்னை நேரடியாக ஒளியாக மாற்றும் திறன் அதற்கு இருப்பதாலும், தொலைக்காட்சித் தொலை இயக்கியின் அகச்சிவப்பு டையோடு முதல் கைத்தொலைபேசியின் சமிக்ஞைப் பெருக்கி, லேசர் டையோடு, செய்மதிகளின் சூரியக் கலம் வரை அது பயன்படுகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்கும் இந்நாளில், இலத்திரனியலைக் கற்று அதன் மூலப்பொருளைத் தம் கையாலேயே ஆராய விரும்பும் பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய செயற்றிட்டத்துக்காக வேஃபர், அதாவது இச்சேர்வையின் மெல்லிய வட்டத் தகடு, உள்ள ஒரு பொதி ஏ9 வீதி வழியாக வந்து சேருமானால், அதைத் திறப்பதற்கு முன் அவரும் அவருக்குப் பொறுப்பான ஆசிரியரும் ஆய்வுகூட உதவியாளரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெரிய தொழிற்சாலைகளுக்காக எழுதப்பட்ட பாதுகாப்புக் கையேடுகள், நச்சுவாயு உணரிகளும் வாயுவைக் கழுவி வெளியேற்றும் கோபுரங்களும் ஒரு நொடியும் நிற்காத மின்சாரமும் இருப்பதாக எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. நம்முடைய இடங்களிலோ ஓர் அறை, கூரையில் சுழலும் மின்விசிறி, வெக்கைக்காகத் திறந்து வைத்த யன்னல், சில மீற்றர் தூரத்தில் குடிக்கவும் குளிக்கவும் பயன்படும் கிணறு என்பதே பெரும்பாலும் நிலைமை. ஆகையால் நாம் ஆயத்தம் செய்யும் ஒழுங்கும் வேறாக இருக்க வேண்டும். வேலையின் கடைசிக் கழுவுநீர் எங்கே போகும் என்பதையும், நடுவில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகே வேஃபரை வாங்க வேண்டும்.

ஆபத்து எந்த வடிவத்தில் இருக்கிறது

உடையாத, உலர்ந்த, அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு வேஃபரைக் கையுறையோடு தொடுவதால் யாருக்கும் நஞ்சேறாது. அதைக் கண்டு அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் அதன் நிறையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானது, சரியாகச் சொன்னால் ஏறத்தாழ 52 சதவீதம், ஆர்சனிக் என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டு அங்குல விட்டமும் 0.35 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு வேஃபர் கிட்டத்தட்ட 3.8 கிராம் நிறையுள்ளது. அதில் ஆர்சனிக் மட்டும் ஏறத்தாழ 2 கிராம். குடிநீரில் ஆர்சனிக் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு. அந்தக் கணக்கில், ஒரே ஒரு வேஃபரில் உள்ள ஆர்சனிக் முழுவதும் கரைந்தால் ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுசென்றுவிடும். முழு வேஃபர் நீரில் எளிதில் கரையாது என்பது உண்மைதான். ஆனால் அமிலத்தில் அரித்தெடுத்த கரைசலில் இருக்கும் ஆர்சனிக் ஏற்கெனவே கரைந்துவிட்ட ஆர்சனிக்.

இச்சேர்வை மூன்று வழிகளில் மனிதருக்குத் தீங்காகிறது. முதலாவது தூசி. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசி சுவாசப்பையின் ஆழம் வரை சென்று தங்கும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2006 இல் கலியம் ஆர்சனைடை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் முதலாம் தொகுதிப் பொருளாக வகைப்படுத்தியது. உடலுக்குள் சென்றபின் அதிலிருந்து ஆர்சனிக் விடுபடுவதும், நீண்டகாலம் தூசியைச் சுவாசித்த பெண் எலிகளில் சுவாசப்பைக் கட்டிகள் தோன்றியதும் இதற்கான காரணங்களில் அடங்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி, எட்டு மணிநேர வேலைநாளின் சராசரியாகக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 10 மைக்ரோகிராம் கனிம ஆர்சனிக்கே உச்ச எல்லை. ஐந்து மீற்றர் அகலமும் ஆறு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள அறையின் காற்று முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டுவர, 2 மில்லிகிராமுக்கும் குறைவான கலியம் ஆர்சனைடுத் தூசி போதும். அந்த அளவு தூசி மேசையில் கிடந்தால் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது ஆர்சீன் வாயு. இந்தப் பொருள் தொடர்பான மிகக் கொடிய ஆபத்து இதுவே. ஆர்சனிக் சேர்வைகள் அமிலத்தோடு சேரும்போது, அதிலும் ஐதரசன் உருவாகும் சூழலில், நிறமற்ற ஆர்சீன் வாயு தோன்றலாம். அது காற்றைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தியானதால் தாழ்ந்த இடங்களில் தேங்கும். மெல்லிய உள்ளிப்பூண்டு மணம் அதற்கு உண்டு என்று சொல்வார்கள்; ஆனால் அந்த மணம் மூக்குக்கு எட்டும் செறிவு, பத்து இலட்சத்தில் 0.05 பங்கு என்ற வேலையிட எல்லையைப் போலப் பல மடங்கு. மணம் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். மணம் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று பொருளல்ல. பத்து இலட்சத்தில் 3 பங்கு, உடனடியாக உயிருக்கு ஆபத்தான செறிவாகக் கொள்ளப்படுகிறது.

மூன்றாவது வெப்பம். கலியம் ஆர்சனைடு உருகுவது 1238 பாகை செல்சியசில். ஆனால் அதற்கு வெகு முன்னரே, சில நூறு பாகைகளில், அதன் மேற்பரப்பிலிருந்து ஆர்சனிக் ஆவியாகத் தொடங்கும். காற்றுப்படும் இடத்தில் அந்த ஆவி கொடிய நஞ்சான ஆர்சனிக் மூவொட்சைட்டாக மாறி, உலையின் குளிர்ந்த முனையில் வெண்ணிறப் படிவாக ஒட்டிக்கொள்ளும்.

பொதி வருவதற்கு முன்

நச்சாவியை வெளியே இழுக்கும் ஃபியூம் கபேட் இல்லாத ஆய்வுகூடத்தில் வேஃபரைப் பார்க்கலாம், அளக்கலாம். வெட்டவோ அரிக்கவோ கூடாது. கபேட் இருந்தால், அதன் வெளியேற்றுக் குழாய் கூரைக்கு மேலே உயர்ந்திருக்கிறதா, சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் அந்தக் காற்று அடுத்த கட்டடத்தின் யன்னலுக்குள் போகாமல் இருக்கிறதா என்று வெளியே நின்று பார்க்க வேண்டும். கபேட்டின் கண்ணாடிக் கதவின் கீழ் விளிம்பில் மெல்லிய ரிஷ்யூக் கடதாசிக் கீற்று ஒன்றை ஒட்டிவிட்டால், அது உள்நோக்கி வளைந்திருக்கும் வரை காற்று இழுபடுகிறது என்பதை ஒரே பார்வையில் அறியலாம்.

மின்வெட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமிலத்தில் வேஃபர் கிடக்கும்போது மின்சாரம் நின்றால், வெளியே போய்க்கொண்டிருந்த ஆவி முழுவதும் வேலை செய்பவரின் முகத்துக்கு நேரே திரும்பும். ஆகவே அன்று அறிவிக்கப்பட்ட மின்தடை உண்டா என்று விசாரித்த பின்னரே அரிப்பு வேலையைத் தொடங்க வேண்டும். கபேட்டின் விசிறியையாவது தாங்கக்கூடிய மின்கல ஏற்பாடு ஒன்றை வேஃபர் வாங்கும் பணத்துக்கு முன்பாக ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படியிருந்தும் விசிறி நின்றுவிட்டால், வேஃபரைக் காப்பாற்ற முயலாமல், கண்ணாடிக் கதவை முழுவதுமாக இறக்கிவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். மின்சாரம் திரும்பி விசிறி குறைந்தது கால் மணிநேரம் ஓடிய பின்னரே உள்ளே செல்லலாம். ஒவ்வொரு தடவையும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத கரைசலையே எடுப்பதற்கும் இதுவே காரணம்: கைவிட்டுப் போக நேர்ந்தாலும் அங்கே நிகழக்கூடியது சிறிதாகவே இருக்க வேண்டும்.

கதவில் ஒட்டும் எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, காலையில் அறையைக் கூட்ட வருபவரிடம் நேரில் பேசுவது. அவர் வழக்கம்போலத் தும்புத்தடியால் கூட்டினால் தரையில் கிடந்த தூசி முழுவதும் காற்றுக்கு வந்துவிடும். நம்மில் எவரைக் காட்டிலும் அதிகமாக அதைச் சுவாசிப்பவர் அவராகவே இருப்பார். இந்த அறையின் தரையையும் மேசையையும் பயிற்சி பெற்றவர்களே துடைப்பார்கள் என்று ஒழுங்கு செய்துவிட்டால் அவருக்கு அந்த ஆபத்து வராது.

வேஃபரைத் திறத்தலும் வெட்டுதலும்

பொதியைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களை மூட வேண்டும். வெக்கையாகத்தான் இருக்கும், அதனால் இவ்வேலையை வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. வேஃபர் வைத்த பெட்டியை மூடியபடியே வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே துண்டோ துகளோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, தெரிந்தால் கபேட்டுக்குள் வைத்து மட்டும் திறக்க வேண்டும். நைத்திரைல் கையுறை இரண்டு சோடி, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, உலோகச் சாமணத்துக்குப் பதிலாக முனை மென்மையான பிளாஸ்ரிக் சாமணத்தால் வேஃபரை அதன் விளிம்பில் பிடிக்க வேண்டும். இது சிலிக்கனைவிட நொறுங்கும் தன்மை மிக்கது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் பளிங்குத் தளங்கள் வழியே கற்கண்டுபோலப் பட்டென்று பிளந்துவிடும். தெறிக்கும் துண்டு கண்ணாடிச் சில்லைப்போல் கூரானது என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்கவும் கூடாது.

பளிங்குத் தளம் வழியே எளிதில் பிளக்கும் அந்த இயல்பையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். துண்டாக்க வேண்டுமென்றால் அரத்தாலோ சுழல் வெட்டியாலோ அறுப்பதைத் தவிர்த்து, விளிம்பில் வைர முனையால் ஒரு சிறு கீறல் இட்டு, தளத்தின் வழியே மெல்ல அழுத்திப் பிளப்பதே மிகக் குறைந்த தூசி எழும் முறை. கீறும் இடத்தில் ஒரு துளி அயன் நீக்கிய நீரை விட்டுச் செய்தால் தூசி நீரிலேயே அடங்கிவிடும். வேஃபருக்குக் கீழே ஈரமாக்கிய வடிதாள் விரித்திருக்க வேண்டும். மேற்பரப்பை உலர்நிலையில் தேய்ப்பதையும், வாயால் ஊதித் தூசி அகற்றுவதையும், அழுத்தக் காற்றுப் பீச்சுவதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 தரத்து முகக்கவசம் தூசிக்கு உதவும். ஆனால் எந்தத் தூசிக் கவசமும் ஆர்சீன் வாயுவைத் தடுக்காது என்பதை அணிபவர் அறிந்திருக்க வேண்டும்.

அமில வேலை

கலியம் ஆர்சனைடை அரிப்பதற்குச் சல்பூரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் நீரும் சேர்ந்த கலவை வழக்கமானது. சித்திரிக் அமிலமும் பேரொட்சைட்டும் சேர்ந்த கலவை அதைவிட மெதுவானது, கையாள எளிதானது. மாணவர் வேலைக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். இக்கலவைகளில் பேரொட்சைட்டு ஒட்சியேற்றியாக இருப்பதால், ஆர்சனிக் பெரும்பாலும் வாயுவாகாமல் கரைசலில் தங்குகிறது. பேரொட்சைட்டு தீர்ந்துபோன பழைய கலவையையோ ஒட்சியேற்றி எதுவும் இல்லாத வலுவான அமிலத்தையோ பயன்படுத்தினால், வாயு எழாது என்று நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்து, அன்றே முடித்துவிட வேண்டும். சல்பூரிக் கலவை செய்வதானால் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி, அது ஆறிய பின்பே பேரொட்சைட்டைச் சேர்க்க வேண்டும்.

வெட்டும்போது சேர்ந்த தூளையும் சேற்றையும் ஒருபோதும் அமிலத்தில் போடக்கூடாது. திண்ம வேஃபரைவிட அதன் மேற்பரப்பு பல மடங்கு பெரிதாகையால், வினையும் அதற்கேற்ப விரைந்து நடக்கும். அதே அளவு முக்கியமான இன்னொன்று வாளி பற்றியது. அமிலமும் ஆர்சனிக்கும் கலந்த கரைசலை நாகமுலாம் பூசிய இரும்பு வாளியிலோ அலுமினியப் பாத்திரத்திலோ ஊற்றினால், உலோகத்தில் அமிலம் பட்டு உருவாகும் ஐதரசன் ஆர்சனிக்கோடு சேர்ந்து ஆர்சீனாக வெளிவரும். ஜேம்ஸ் மார்ஷ் 1836 இல் ஆர்சனிக் நஞ்சைக் கண்டறிய வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை, நாகத்தையும் அமிலத்தையும் கொண்டு இதே வினையை வேண்டுமென்றே நடத்துவதுதான். அறையின் மூலையில் எப்போதும் ஒரு தகர வாளி நிற்பது நம் ஊர் வழக்கமாகையால், இந்த வேலை நடக்கும் அறையிலிருந்து உலோக வாளிகள் அனைத்தையும் முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும்.

ஐதரோபுளோரிக் அமிலம் தேவைப்படும் செய்முறைகளைச் சிறிய ஆய்வுகூடங்கள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அதற்கான கல்சியம் குளுக்கோனேற் களிம்பும் அந்தக் காயத்தைக் கையாளத் தெரிந்தவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் அது அளவுக்கு மீறிய ஆபத்து. உலையில் சூடாக்கும் வேலையும் அப்படித்தான்: ஆவியைப் பிடித்து அடக்கும் ஏற்பாடில்லாத சாதாரண உலையில் இதைச் சூடாக்கக் கூடாது.

துடைத்தலும் கழிவும்

வேலை முடிந்ததும் மேசையையும் கபேட்டின் தரையையும் ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை மடித்துக் கழிவுப் பைக்குள் இட வேண்டும். அதைக் கழுவி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் பாவிக்கும் சாதாரணத் தூசி உறிஞ்சி நுண்தூசியைப் பின்புறமாக வெளியே தள்ளிவிடும். நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதே வேண்டும். மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றடியில் மற்ற உடுப்புகளோடு தோய்ப்பது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் ஆர்சனிக்கைக் கொண்டுபோகும் செயல். ஒருமுறை மட்டும் அணியும் அங்கியே சிறந்தது. கையுறையைக் கழற்றிய பின் சவர்க்காரத்தால் கைகழுவி, அதற்குப் பிறகே தேநீரைத் தொட வேண்டும்.

கழுவுதொட்டியின் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் பகுதியில் பெரும்பாலான கட்டடங்களின் கழிவுநீர் வளவுக்குள்ளேயே மண்ணுக்குள் விடப்படுகிறது. மாரியில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து கிணறு நிரம்பும்போது, அந்த மண்ணுக்கும் கிணற்று நீருக்கும் இடையே அதிக தூரம் இருக்காது. ஆகவே அரிப்புக் கரைசல் மட்டுமல்லாமல், அதற்குப் பின் வேஃபரைக் கழுவிய முதல் மூன்று கழுவுநீரும், கீறும்போது விட்ட நீரும், துடைத்த துணியும் எல்லாமே சேகரிக்கப்பட வேண்டும். மூன்று கொள்கலன்கள் வேண்டும்: தூளும் துண்டும் ஈரத் துணியும் ஒன்றில், அமிலக் கரைசலும் கழுவுநீரும் ஒன்றில், அசற்றோன் போன்ற கரைப்பான்கள் ஒன்றில். அசற்றோனும் பேரொட்சைட்டும் அமிலத்தோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும் என்பதால், இந்தப் பிரிவில் எந்தத் தளர்வும் கூடாது. பேரொட்சைட்டு உள்ள கரைசல் தொடர்ந்து ஒட்சிசனை வெளிவிடும். வன்னியின் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக வெளிவிடும். இறுக மூடிய போத்தல் வெடிக்கும். ஆகவே காற்றை வெளிவிடும் மூடியுள்ள தடித்த பொலித்தீன் கொள்கலனில், முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், கசிவைத் தாங்கும் பிளாஸ்ரிக் தட்டின்மேல், வெயில் படாத இடத்தில், வெள்ளம் ஏறாத உயரத்தில் வைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, எந்த நாள் ஊற்றப்பட்டது, யார் ஊற்றினார் என்பவை கொள்கலனில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதைக் குழி தோண்டிப் புதைப்பதோ எரிப்பதோ தீர்வல்ல. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளியான ஒழுங்குவிதிகள் அபாயகரமான கழிவுகளை அட்டவணைப்படுத்தி, அவற்றைக் கையாளுவதற்கு உரிமப்பத்திரத்தை வேண்டுகின்றன. மத்திய சுற்றாடல் அதிகாரசபையோடு தொடர்புகொண்டு, உரிமம் பெற்றவரிடம் கையளிக்கும் வழியை வேலைக்கு முன்பே பேசி எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வேஃபரை விற்றவர் மிச்சத் துண்டுகளைத் திரும்பப் பெறுவாரா என்றும் கேட்கலாம். கலியம் விலையுயர்ந்தது என்பதால் சிலர் பெறுவார்கள்.

ஒருவர் பாதிக்கப்பட்டால்

தோலிலோ கண்ணிலோ கரைசல் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். துண்டு குத்திய காயத்தைக் கழுவி, உள்ளே சில்லு தங்கியிருக்கிறதா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆர்சீனைச் சுவாசித்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அவர் நலமாக உணர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. இந்த வாயு செங்குருதிக் கலங்களை உடைக்கிறது. ஆனால் அறிகுறிகள் 2 முதல் 24 மணிநேரம் கழித்தே தோன்றலாம். தலையிடி, குமட்டல், வயிற்றுவலி, பிறகு கருஞ்சிவப்பான சிறுநீர், மஞ்சளான கண், அதற்குப் பிறகு சிறுநீரகச் செயலிழப்பு என்று அது போகும். நோயாளர் காவுவண்டிக்கான 1990 இலக்கத்தை அழைத்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியவற்றில் அருகிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நம் வைத்தியர்களுக்குப் பூச்சிநாசினி நஞ்சில் அனுபவம் உண்டு. ஆர்சீன் முற்றிலும் வேறானது. மாரிக்காலத்தில் மஞ்சள் கண்ணையும் கருத்த சிறுநீரையும் கண்டால் எலிக்காய்ச்சல் என்று நினைக்கவும் இடமுண்டு. ஆகையால் கூடச் செல்பவர் "ஆர்சீன் வாயு, குருதிக்கலம் உடையும்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, அச்சிட்ட பாதுகாப்புத் தரவுத்தாளையும் கையில் கொடுக்க வேண்டும். ஆர்சனிக் நஞ்சுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டைமெர்காப்ரோல் இந்தக் குருதிக்கலச் சிதைவைத் தடுப்பதில்லை; கடுமையான நிலையில் குருதியை மாற்றி ஏற்றுவதும் சிறுநீரகத்துக்குத் துணைசெய்யும் சிகிச்சையுமே பயன்படுவன என்பதால், அந்த வசதியுள்ள வைத்தியசாலைக்கு நோயாளியை மாற்றும் முடிவும் நேரத்தோடு எடுக்கப்பட வேண்டும்.

தொடர்ந்து இவ்வேலையில் இருப்பவர்கள் சிறுநீரில் ஆர்சனிக் அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வேலை தொடங்குவதற்கு முன் ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும். மாதிரி கொடுப்பதற்கு முந்தைய நான்கு நாள்களாவது மீன், இறால், நண்டு, கணவாய் எதையும் உண்ணாமல் இருக்க வேண்டும். கடலுணவில் இயல்பாகவே இருக்கும், பெரும்பாலும் தீங்கற்ற ஆர்சனிக் சேர்வைகள் மொத்த அளவை உயர்த்திக் காட்டும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து நாள்தோறும் மீன் வரும் வீடுகளில் இது எளிதல்ல என்பதால், பரிசோதனை நாளை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதோடு, கனிம ஆர்சனிக்கையும் அதிலிருந்து உடலில் உண்டாகும் சேர்வைகளையும் பிரித்து அளக்குமாறு பரிசோதனைக்கூடத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.